வெள்ளவத்தையிலிருந்து தம்பிரான் தோழர் வரை

வெள்ளி

மட்டக்களப்பு இரவு ரயில் கொழும்புக் கோட்டையில் இறக்கிவிடும்போது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தை. தண்டவாளம் கடலை ஒட்டியே போவதால் கதவோரம் நின்றால் போதும், நித்திரை கலைந்துவிடும்.

திங்கட்கிழமை இங்கே ஒரு அலுவல். அதற்கு முன் கிடைத்த நாட்களை மாமி வீட்டில் கழிப்பதாக ஏற்பாடு. கூடவே எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. முதுகுவலிக்கென்று தொடங்கிய யோகா, முதுகு சரியான பிறகும் என்னை விடவில்லை. ஆனால் கடைசியில் சவாசனத்தில் கிடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: இவ்வளவுதானா? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யோகி என்று சொன்னால் அது வேறு மாதிரி ஆள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். அவர் தலைகீழாக நின்றார் என்று ஒருவரும் சொன்னதில்லை. "சும்மா இரு" என்றார், "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்றார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கொழும்பில் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் பழகிய பக்கம். வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடியில் காலை வகுப்பு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் வருகிறார்கள். மிஸ் மூன்று மொழியையும் கலந்து கட்டளை கொடுக்கிறார். திறமையான மிஸ். நான் வீரபத்திராசனத்தில் நின்ற மாத்திரத்தில், முன்கால் முட்டி உள்ளே சரிகிறது என்று விரலால் ஒரு தட்டு. இத்தனை நாளும் கணினித் திரையைப் பார்த்துச் செய்ததில் யாரும் சொல்லாத விஷயம்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "மிஸ், தியானம், மந்திரம் இதெல்லாம் சொல்லித் தருவீங்களா?"

"நான் அதுக்குள்ள போறதில்லை. இஞ்ச வாற ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நம்பிக்கை. எனக்குத் தெரிஞ்சது உடம்பு. அதை ஒழுங்காச் சொல்லிக் குடுக்கிறன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. பாதி தெரிந்துகொண்டு சக்கரம், குண்டலினி என்று அளக்கிறவர்களை நிறையவே பார்த்தாயிற்று.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196. ஆசனத்துக்கு அதில் ஒதுக்கியது மூன்றே மூன்று. உறுதியாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்று சொல்லி, இன்னும் இரண்டு வரி சேர்த்துவிட்டு மூச்சுக்குப் போய்விடுகிறார். ஆனால் ஈசுவரப் பிரணிதானம், அதாவது எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்துவிடுவது, நான்கு இடத்தில் வருகிறது. மூன்று சூத்திரத்துக்கு உலகம் முழுக்கப் பாய் விரித்திருக்கிறோம். மற்ற நான்கும் எங்கே போயின?

பின்னேரம் அதற்குப் பாதி விடை மாமி வீட்டு விறாந்தையிலேயே கிடைத்தது என்று இப்போது, இரவு இதை எழுதும்போது, தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை என்றால் மாமி மயூரபதி அம்மனுக்குத் தன் கையாலேயே மாலை கட்டிக்கொண்டு போவார். கடையில் கட்டின சரம் வாங்கினால் என்ன என்று கேட்டால் கேள்வியே காதில் விழாத மாதிரி இருப்பார். நிலத்தில் பழைய பேப்பர் விரித்து, நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கால் நீட்டி இருக்கிறார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம். பெருவிரலில் ஒரு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு. காம்பு நசுங்காது, முடிச்சும் தளராது. உதடு அசைந்துகொண்டே இருக்கிறது, சத்தம் இல்லை. எழுபது வயது தாண்டியவர், முதுகு சாயாமல் ஒரு மணித்தியாலம் அப்படியே இருக்கிறார். காலையில் நான் பத்து நிமிடம் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"என்ன சொல்லுறீங்கள் மாமி, வாய்க்குள்ள?"

"சிவசிவ எண்டுதான். கை பூக்கட்டும், வாய் அதைச் சொல்லும். மனந்தான் இடையில சந்தைக்குப் போயிடும்."

"போனா?"

"திரும்பி வரும். எங்க போறது?"

தியானம் சொல்லித் தருகிறேன் என்று பெரிய கட்டணம் வாங்குகிறவர்கள் அரை நாள் எடுத்துச் சொல்கிற சங்கதி இது. மாமியிடம் இதைச் சொன்னேன். "யோகாவுக்குக் காசு குடுக்கிறியா? உனக்கு இப்ப முதுகு நோகேல்லைத்தானே?" என்று அடுத்த பூவை எடுத்தார்.

சனி

101 பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து ஓட்டோவில் கொச்சிக்கடை. வெக்கை தாங்கவில்லை. பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் காலை வைத்ததும் சூடு குறைகிறது. முழுக்கக் கருங்கல். கொழும்பில் மற்றக் கோயில்களில் சீமெந்தும் வர்ணப்பூச்சும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த இருட்டு பழக நேரம் எடுக்கும். தூணும் கல், மேற்கூரையும் கல், எண்ணெய் விளக்கின் புகை படிந்து இன்னும் கறுத்த கல். வெளியே துறைமுகத்துக்குப் போகிற லொறிகளின் சத்தம் இரண்டாம் பிரகாரத்துக்கு வருவதற்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் இதை 1857இல் கட்டியவர் பொன்னம்பல முதலியார். 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கல்லில் திருப்பிக் கட்டியவர் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனை நாங்கள் பாடசாலையில் சட்டசபைக்காரராகத்தான் படித்தோம். மற்ற இராமநாதனைப் புத்தகத்தில் போடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு யோகசாதனை செய்தவர். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஆங்கிலத்தில் விளக்கம் வெளியிட்டார். யேசுவின் வார்த்தைகளை ஒரு சைவ யோகியின் கண்ணால் வாசித்த விளக்கம் அது. பின்னர் அமெரிக்காவுக்குப் போய்ப் பேசியும் வந்தார். தம்பி அருணாசலம், தன் கேம்பிரிட்ஜ் நண்பர் எட்வர்ட் கார்பென்ரரை இலங்கைக்கு அழைத்து 1890இல் இங்கே ஒரு ஞானியிடம் இருத்தினார். எண்ணம் ஓடுவதை நிறுத்துவது எப்படி என்று அந்த வெள்ளைக்காரர் இராமசாமி என்ற தமிழ்ப் பெரியவரிடம் கேட்டுப் படித்து, ஊருக்குப் போய்ப் புத்தகமும் எழுதினார். ஒரு ஆசனப் படம்கூட இல்லாத யோகம், கொழும்பு வழியாக மேற்கே போயிருக்கிறது. இதை ஏன் ஒருவரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் இருந்தேன். பக்கத்தில் ஒரு ஐயா, மடியில் அட்டை கிழிந்த, திருமூலரின் திருமந்திரம். எட்டிப் பார்த்ததைக் கண்டுவிட்டார்.

"வாசிக்கப் போறீரோ பிள்ளை?"

"மூன்றாம் தந்திரந்தானே யோகம், ஐயா?"

அவ்வளவுதான், மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இயமம், நியமம் தொடங்கிச் சமாதி வரை எட்டு உறுப்பையும் ஒரே பாட்டில் அடுக்கிய இடத்தை எடுத்துக் காட்டினார். பிறகு மூச்சுக் கணக்கு: பூரகம் (உள்ளே இழுப்பது) பதினாறு, கும்பகம் (பிடித்து வைப்பது) அறுபத்து நாலு, இரேசகம் (வெளியே விடுவது) முப்பத்திரண்டு. "இதை வாசிச்சிட்டு நாளைக்குக் காலமை அறுபத்து நாலுக்கு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கப்படாது, கண்டீரோ. நான் நாலு, எட்டு எண்டு தொடங்கி வருசக்கணக்காப் போச்சு. எண்ணுறதுக்கு இலக்கம் வேண்டாம், அஞ்செழுத்தால எண்ணும். அப்ப மூச்சும் நடக்கும், செபமும் நடக்கும்."

நான் என் சந்தேகத்தைச் சொன்னேன். பக்தி வேறு, யோகம் வேறு என்றுதானே இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள்? கோயிலுக்குப் போகிறவர் யோகா வகுப்புக்கு வருவதில்லை, வகுப்புக்கு வருகிறவர் கோயிலைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறார்.

ஐயா எழும்பி, "வாரும்" என்று பிரகாரத்தில் நால்வர் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர். பிறந்த நாள் முதல் சுற்றிக் கும்பிடுகிற நாலு பேர்.

"சரியை, கிரியை, யோகம், ஞானம். கேள்விப்பட்டிருப்பீர். கோயில் கூட்டுறது, பூக்கட்டுறது, புல்லுச் செதுக்கிறது சரியை. அது அடிமையின்ர வழி. உழவாரத்தோட நிக்கிறார் பாரும், அப்பர். பூசை செய்யிறது கிரியை, பிள்ளையின்ர வழி. அது சம்பந்தர். ஞானத்துக்கு மாணிக்கவாசகர். அப்ப யோகத்துக்கு ஆர்?"

மூன்றாவதாக நின்றவரைப் பார்த்தேன். சுந்தரர், தம்பிரான் தோழர்.

"யோகம் எண்டால் தோழன்ர வழி" என்றார் ஐயா. "சகமார்க்கம். மூக்கைப் பிடிக்கிறதெல்லாம் அதுக்கு ஆயத்தம்."

தலைமுறை தலைமுறையாகச் சொந்தம் கொண்டாடிய ஒருவரைப் புதிதாக அறிமுகப்படுத்தி வைத்த மாதிரி இருந்தது. சுந்தரரா? நகையும் பட்டும் போட்டு, இரண்டு பெண்களைக் கட்டி, பொன் தா, நெல் தா, அதை ஊருக்குக் கொண்டுபோக ஆள் தா என்று கடவுளிடம் கேட்டவர். மனைவி பரவையார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது சிவனையே தூது அனுப்பியவர். அவரா யோகத்தின் முகம்?

ஐயாவுக்கு வீட்டில் சாப்பாட்டு நேரமாம். "மியூசியத்தில ஒரு சுந்தரர் நிக்கிறார். போய்ப் பாரும்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு

நூதனசாலைக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். கால் நோகும் என்று முதலில் மறுத்தார். உள்ளே சாமி இருக்கிறார் என்றதும் செருப்பைத் தேடினார்.

1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த கட்டடம். வெள்ளைவெளேரென்று முற்றத்து ஆலமரத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர்தான் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் வடிவத்தின் பொருளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் மைத்துனர் முறை. இங்கேயுள்ள வெண்கலங்களுக்கு 1914இல் பட்டியல் நூல் எழுதியவரும் அவரே. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 வாக்கில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சிலைகள். நடராசருக்கு முன்னால் எப்போதும் கூட்டம். பாடசாலைப் பிள்ளைகள் ஒரு காலைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். நன்றாகத்தான் நிற்கிறார்கள், எங்கள் மிஸ் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

சுந்தரருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. தனியாகப் பார்க்கக் கிடைத்தது.

இளம் பெடியன். மாப்பிள்ளை அலங்காரம். கைகள் இரண்டும் மார்பளவுக்கு உயர்ந்து, கும்பிடப் போய்ப் பாதியில் நிற்கின்றன. முழுதாகக் கும்பிடவுமில்லை, கீழே விடவுமில்லை. கதையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பாதிக் கை நிறையப் பேசுகிறது. கலியாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் பேசுகிறார். மாப்பிள்ளைக்குக் கோபம், "நீ பித்தனா?" என்று ஏசுகிறார். வழக்கு தோற்று, கிழவர் பின்னாலேயே போய், கோயிலுக்குள் அவர் மறைந்ததும்தான் விஷயம் விளங்குகிறது. ஏசிய அதே சொல்லை வைத்தே பாடு என்று உத்தரவு. திருவெண்ணெய்நல்லூரில் அப்படித் தொடங்கிய முதல் பதிகம் முதல், கடைசி வரை அந்த உறவு அப்படித்தான். மற்ற மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குக் கண் இரண்டும் போய், ஒன்று மட்டும் திரும்பியிருந்தபோது, திருவாரூருக்கு வந்து ஒவ்வொரு பாட்டு முடிவிலும் "வாழ்ந்து போதீரே" என்கிறார். நீர் நல்லா இரும் ஐயா, என்று. கோபித்துக்கொண்டு படலை வரை போய் நின்று திரும்பிச் சொல்கிற குரல் அது.

எங்கள் மன்னார்க் கரைத் திருக்கேதீச்சரத்துக்கும் அவர் பதிகம் இருக்கிறது. அதைத் தேவார வகுப்பில் பண்ணோடு பாடி மனப்பாடம் செய்தோம். இந்த ஆளை அப்போது யாரும் காட்டவில்லை.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சரியைக்குச் சாலோகம், அவன் உலகத்தில் இருப்பது. கிரியைக்குச் சாமீபம், பக்கத்தில் இருப்பது. யோகத்துக்குச் சாரூபம், அவன் வடிவாகவே ஆவது. கயிலையில் சிவன் கண்ணாடியில் கண்ட தன் உருவத்தை "சுந்தரா, வா" என்று கூப்பிட்டதால் தோன்றியவர் சுந்தரர் என்றும் ஒரு கதை உண்டு. சாரூபத்துக்கு இதைவிட நேரான கதை வேண்டியதில்லை. மனதை அடக்கி, மூச்சை அளந்து, கண்ணை மூடிச் செய்கிற அத்தனையும் கடைசியில் ஒரு நெருக்கத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டால், சுந்தரரை மூன்றாவது படியில் நிறுத்திய பெரியவர்கள் சும்மா நிறுத்தவில்லை. இன்றைக்கு யோகா என்றதும் விளம்பரத்தில் வருகிற அந்தச் சலனமில்லாத முகம் இருக்கிறதே, அது சுந்தரரிடம் இல்லை. அவரிடம் இருந்தது உரிமை.

மாமி கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டிக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன். இருட்டுகிற நேரம் ஆரத்தி. உலகத்தில் எந்த இராமகிருஷ்ண மடத்துக்குப் போனாலும் இந்த நேரத்தில் ஒரே பாட்டுத்தான், விவேகானந்தர் எழுதிய 'கண்டன பவ பந்தன'. வங்காளப் பாட்டை வெள்ளவத்தைப் பிள்ளைகள் தமிழ் நாக்கால் பாடுகிறார்கள். உச்சரிப்பைப் பற்றி வங்காளிகள் என்ன நினைப்பார்களோ, தாளம் தப்பவில்லை. கூட்டாகப் பாடும்போது மூச்சு தானாகவே ஒன்றாகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் இழுத்து ஒரே இடத்தில் விடுகிறோம். யாரும் எண்ணவில்லை.

விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில்தான் வந்து இறங்கினார். மேல்நாட்டிலிருந்து திரும்பியவரின் முதல் பொதுப் பேச்சும் அடுத்த நாள் இங்கேதான். அதற்கு முந்திய வருடம் வெளிவந்த அவருடைய ராஜயோக நூலில், ஆசனம் போன்ற ஹடயோகப் பயிற்சிகளால் ஆன்மிக வளர்ச்சி பெரிதாக வராது என்று ஒதுக்கிவிடுகிறார். சுவாமிஜி சொன்னார் என்பதற்காக நான் இதை அப்படியே ஏற்கத் தயாரில்லை. திருமூலர் உடம்பை வளர்த்தேன், உயிர் வளர்த்தேன் என்றவர். உடம்பைக் கோயில் என்றும் சொன்னவர். ஆசனம் செய்கிறவர்களைப் பார்த்து "இதெல்லாம் வெறும் கசரத்து" என்று மூக்கைச் சுளிக்கிற நம்மவர்களும் அந்தப் பாட்டை ஒருமுறை வாசிக்கலாம்.

சுவாமி விபுலானந்தரும் இந்த மிஷன்காரர். எங்கள் காரைதீவில் பிறந்து 1947இல் கொழும்பில் காலமானவர். இறைவனுக்கு எந்தப் பூ ஏற்றது என்று கேட்டு, உள்ளமாகிய தாமரை, கூப்பிய கையாகிய காந்தள், நாட்டம் வைத்த விழியாகிய நெய்தல் என்று பதில் சொன்ன அவர் பாட்டு கிழக்கில் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம். திரும்பி நடக்கும்போது மாமிக்கு அதைச் சொன்னேன். "எனக்குத் தெரியும். அதுக்காக மல்லிகைப்பூவை விடேலாது" என்றார்.

திங்கள்

காலையில் வகுப்புக்குப் போகவில்லை. மாமியின் பல்கனியில், ஐயா சொன்ன மாதிரி நாலுக்கு எட்டு, அஞ்செழுத்தால் எண்ணிப் பார்த்தேன். இலக்கத்தால் எண்ணினால் மனம் கணக்குப் பிள்ளையாகிவிடுகிறது, எப்போது முடியும் என்றே பார்க்கும். எழுத்தால் எண்ணும்போது அந்த அவசரம் கொஞ்சம் குறைவு. ரயில் போகிற சத்தத்தில் இரண்டு தரம் விட்டுப்போனது. மாமி சொன்னது ஞாபகம் வந்தது, போன இடத்திலிருந்து திரும்பி வந்தது.

அலுவல் மத்தியானத்துக்குள் முடிந்தது. வரிசையில் நின்ற நேரந்தான் அதிகம்.

இரவு ரயிலுக்கு முன் மாமி இடியப்பமும் சொதியும் தந்தார். சாப்பிட்டபடியே சுந்தரர் கண் போன கதையையும் திருவாரூரில் ஏசிப் பாடியதையும் சொன்னேன். மாமிக்கு ஏற்கனவே தெரிந்த கதைதான், ஆனாலும் முழுக்கக் கேட்டார்.

"அவர் தோழர். அவர் ஏசலாம்" என்றார்.

"நீங்கள் அம்மனை ஏசுறதில்லையா மாமி?"

கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு யோசித்தார். "கொரோனா நேரம் கோயிலைப் பூட்டினாங்களே. பூக்கட்டி வச்சுக்கொண்டு எத்தினை வெள்ளி வீட்டில இருந்தன். அப்ப நல்லா ஏசினன்."

"என்ன சொல்லி?"

"அது எனக்கும் அவளுக்கும் இடையில. நீ சொதியை விட்டுச் சாப்பிடு, ரெயினுக்கு நேரமாகுது."